புக் பண்ணியது ஒன்று, கைக்கு வந்தது ஒன்று: மின்சாரக் கார் அனுபவங்கள்

மின்சாரக் கார் புக் பண்ணிவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக என் கதையைப் போடுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் கீழே எழுதுங்கள். நான் தேர்ந்தெடுத்த வேரியன்டில் 360 டிகிரி கேமரா உண்டு. டெலிவரி நெருங்கும்போது ஒரு மின்னஞ்சல்: "உங்கள் மாடல் மேம்படுத்தப்பட்டுள்ளது." பிரித்துப் பார்த்தால், கேமராவை மேல் வேரியன்டுக்கு மாற்றிவிட்டார்கள். போனையே சாவியாகப் பயன்படுத்தும் வசதி "பின்னர் அப்டேட்டில் வரும்". பிடுங்கியதற்கு மேம்பாடு என்று பெயர் வைத்தவருக்கு நல்ல கற்பனை வளம்.

கோபத்தில் ஷோரூமுக்குப் போனாலும் அங்கே நான் கேட்டது ஒரே கேள்வி: அந்தப் பாகம் வண்டிக்குள் இருக்கிறதா, இல்லையா? பாகம் உள்ளே இருந்து மென்பொருள் மட்டும் தயாராகவில்லை என்றால், நாளைக்கு வரலாம். பக்கக் கண்ணாடிக்கு அடியில் கேமராவே இல்லை, வயரும் இழுக்கவில்லை என்றால் எந்த அப்டேட்டும் அதைக் கொண்டுவராது. விற்பனையாளர் கொஞ்சம் தடுமாறினார். சர்வீஸ் பிரிவில் கேட்டபோதுதான் நேரான பதில் வந்தது: போன் சாவிக்கான பாகம் இருக்கிறது, கேமராவுக்கு எதுவுமே இல்லை. இதையே எழுத்தில் வாங்கிக்கொண்டேன். கேமராவுக்கு ஈடாக விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். எழுத்தில் இல்லாமல் இருந்திருந்தால் குறைத்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கில்லை. 2021 சிப் தட்டுப்பாட்டின்போது பிஎம்டபிள்யூ சில மாடல்களைத் தொடுதிரை வசதி இல்லாமலே அனுப்பியது. டெஸ்லா 2022 அக்டோபரில் அல்ட்ராசோனிக் சென்சார்களை, அதாவது ஒலியலையால் பக்கத்தில் இருக்கும் தடையைக் கண்டுபிடிக்கும் பாகங்களை, நீக்குவதாக அறிவித்தது. அதன்பின் வந்த வண்டிகளில் பார்க்கிங் உதவி போன்ற சில வசதிகள் கொஞ்ச காலம் வேலை செய்யவில்லை, பிறகு கேமராவை நம்பி அப்டேட்டில் வந்தன. "பின்னர் வரும்" என்பது எப்போதும் பொய் இல்லை. ஆனால் வராத ஒன்றுக்கு இன்றைக்கே முழு விலை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

*

எனக்கு மாறியது பேட்டரி. நிக்கல் கலந்த என்எம்சி என்று நினைத்துப் புக் பண்ணினேன், வந்தது எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். முதலில் ஏமாற்றம்தான். ஒரே அளவு மின்சாரத்தைச் சேமிக்க எல்எஃப்பிக்கு எடை அதிகம். கடும் குளிரில் வேகமாகச் சார்ஜ் ஏறாது.

ஓட்டிப் பார்த்த பிறகு எண்ணம் மாறியது. என்எம்சி வைத்திருக்கும் நண்பர் தினமும் 80 சதவீதத்தில் நிறுத்துகிறார். நான் 100 வரை ஏற்றுகிறேன், ஏற்றச் சொல்லியே கையேட்டில் இருக்கிறது. எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் நடுவில் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் போவதால், எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட வண்டிக்கே குழப்பம். அவ்வப்போது முழுக்க ஏற்றினால்தான் திரையில் தெரியும் சதவீதம் சரியாக இருக்கும். செல்லின் ஆயுளும் பொதுவாக அதிகம். காகிதத்தில் இருக்கும் தூரத்தைவிட, தினமும் நிஜமாகப் பயன்படுத்தக்கூடிய தூரத்தை ஒப்பிட்டால் நான் தோற்கவில்லை. உறைபனி விழும் இடத்தில் இருப்பவர்கள் மட்டும் இதை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

*

மேலே இருப்பவர் அதிர்ஷ்டசாலி. என் வண்டியில் ஹீட் பம்பையே எடுத்துவிட்டார்கள், அதாவது வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வண்டிக்குள் சூடு தரும் கருவியை. சாதாரண ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப், வெளியே மிதமான குளிராக இருந்தால், இரண்டு மடங்குக்கு மேலேயும் தரும். குளிர்காலத்தில் என் தினசரி ஓட்டத்துக்கு அந்த வித்தியாசம் பெரிசு. ஒப்பந்தத்தில் "முன்னறிவிப்பின்றி மாற்றும் உரிமை உண்டு" என்ற வரி இருக்கத்தான் செய்தது. ஆனால் அதே ஒப்பந்தத்தில், முக்கியமான மாற்றம் வந்தால் ரத்து செய்யலாம் என்ற வரியும் சில பக்கம் தள்ளி இருந்தது. அதைக் காட்டி முன்பணத்தை முழுசாகத் திரும்ப வாங்கினேன். மறுபடி முதலிலிருந்து காத்திருப்பு, வேறு கம்பெனியில். வருத்தம் இல்லை.

*

எனக்குச் சின்ன விஷயம். வீட்டு மின்சாரத்தை (ஏசி) பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும், வண்டிக்குள்ளேயே இருக்கும் சார்ஜர் 11 கிலோவாட் என்று இருந்தது, 7.4 ஆகிவிட்டது. 60 கிலோவாட் மணி பேட்டரி முழுக்க ஏற ஐந்தரை மணி நேரம் என்பது எட்டு மணி நேரத்தைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். வண்டி இரவெல்லாம் சும்மா நிற்கிறது, ஏறட்டும். வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்புக்குச் செலவு செய்தவர்கள் மட்டும் சண்டை போடுங்கள், நியாயம் உங்கள் பக்கம். வெளியே சார்ஜிங் நிலையங்களில் இருக்கும் டிசி வேகச் சார்ஜிங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது இந்தச் சார்ஜரைத் தாண்டி நேரே பேட்டரிக்குப் போகிறது.

*

ஹீட் பம்ப் நண்பரே, அந்த ரத்து வரியை எங்கே தேடுவது? என் ஆர்டர் உறுதிப் படிவத்தில் வேரியன்ட் பெயரும் நிறமும் மட்டுமே இருக்கின்றன, வசதிப் பட்டியலே இல்லை.

*

படிவத்தில் இருக்காது. பணம் கட்டும்போது டிக் போட்ட விற்பனை நிபந்தனைகளில் "விவரக்குறிப்பு மாற்றம்" என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். வசதிப் பட்டியல் வேண்டுமென்றால் புக் பண்ணிய தேதியில் இருந்த பிரசுரத்தின் பிடிஎஃப்பை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் போடுங்கள். இணையதளத்தில் இப்போது இருப்பதைச் சேமித்துப் பயனில்லை, அதைத் திருத்தியிருப்பார்கள். டெலிவரி அன்று கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள், பயணி இருக்கையின் இடுப்புத் தாங்கி வரைக்கும். எனக்கு அடுத்து நின்றவர் வண்டியில் அதுதான் இல்லை.