ரிங்கு கழட்டியாச்சு, பத்து வருசம் கழிச்சு கால் எப்படி இருக்கும்ங்க?

பல்லடத்துத் தறி:
வணக்கமுங்க. எங்க மச்சானுக்குப் போன வருசம் தாராபுரம் ரோட்டுல டெம்போ இடிச்சு வலது கால் முட்டிக்குக் கீழ நொறுங்கிப்போச்சு. தொடைல இருந்து சதை எடுத்து மூடி, எலும்பு 5 சென்டிமீட்டர் இல்லாம போன எடத்துக்கு இலிசரோவ் ரிங்கு போட்டாங்க, கால சுத்தி வெளிய வளையம் மாட்டி, எலும்புல கம்பி கோத்து, நட்டைத் திருப்பித் திருப்பி எலும்ப மெல்ல வளர வெக்கறதுங்க. தெனம் நாலு வேளை கால் கால் மில்லியா நட்டைத் திருப்புனது நாந்தானுங்க, ராத்திரி பத்து மணித் திருப்புக்குன்னே அலாரம் வெச்சிருந்தேன். ரிங்கைக் கழட்டி 2 மாசம் ஆச்சு. எலும்பு சேந்துருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா கணுக்கால் மடங்கவே மாட்டேங்குது. சொந்தமா 8 தறி வெச்சிருக்காரு, திரும்ப ஓட்ட முடியுமா இல்ல வித்துப்போடலாமான்னு வீட்டுல ஒரே பேச்சு. பத்து வருசம் ஆனவங்க இருந்தா சித்த சொல்லுங்.

சென்னிமலைத் தோட்டம்:
தம்பி எனக்கு 2014ல இதே ரிங்குதான். எலும்பு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் பண்ணல, மெனக்கெட வெக்கிறது கணுக்காலுதான். சமதரைல நடந்தா யாருக்கும் தெரியாது, வரப்புல எறங்குனா பாதம் சாயாம ஆளையே சாச்சுப்போடும். குத்தவெச்சு உக்கார முடியாது, மார்கழில விடியக்காலம் பால் கறக்கப் போறப்ப கால் வெறைச்சுக்கும். கால் ஒன்றரை சென்டி குட்டை, செருப்புக்கு அடி தூக்கிக் குடுத்தாங்க, அதுக்கப்புறந்தான் இடுப்பு வலி விட்டுச்சு. நாலாம் வருசம் பழைய கம்பி ஓட்டை ஒண்ணு திறந்து சீழ் வந்துச்சு, எங்க ஆத்தா மஞ்சப்பொடிய வெச்சு அப்பிருச்சு, பத்து நாள் வீணாப் போனதுதான் மிச்சம், அப்புறம் ஆஸ்பத்திரில சுரண்டி எடுத்தாங்க. ஓட்டைல ஈரம் கசிஞ்சா உடனே ஓடிருங்.

பெருந்துறை பிசியோ:
ரிங்குல இருக்கறப்பவே பாதம் கீழ தொங்கி, பின்னங்கால் தசைநார் சுருங்கிப்போயிருக்கும். இந்தப் பயிற்சியை விட்டவங்கதான் என்கிட்ட அதிகமா வர்றாங்க. துண்டைப் பாதத்துல மாட்டி முட்டிய நீட்டி இழுக்கச் சொல்லுங்க, தெனமும், ஆனா எலும்புல எவ்வளவு பாரம் குடுக்கலாம்னு டாக்டரக் கேட்டுட்டு. அமெரிக்காவுல லீப்னு ஒரு பெரிய ஆய்வு, 2002ல வந்துச்சு, கால் மோசமா அடிபட்ட 569 பேர். காலக் காப்பாத்துனவங்கள்ல 2 வருசத்துல வேலைக்குத் திரும்புனது 49 சதவீதம், கால எடுத்தவங்கள்ல 53. பெரிய வித்தியாசமில்லீங்க, ஆனா காப்பாத்துனவங்கதான் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரில படுத்தாங்க. செலவுக்குக் கையில கொஞ்சம் வெச்சுக்குங்க. மச்சான் பீடி குடிக்கிறாராங்க? எலும்பு சேர்றதக் கெடுக்கும், சீழும் புடிக்கும்.

அமராவதி ஆத்தோரம்:
எனக்கு ஏழு ஆபரேசனுக்கு அப்புறம் காலையே எடுத்துட்டாங்க. காயம் எவ்வளவு மோசம்னு பாக்க கோவை கங்கா ஆஸ்பத்திரில உருவாக்குன ஸ்கோர்ல 14க்குள்ள இருந்தா காப்பாத்தலாம்பாங்க, 17ம் அதுக்கு மேலயும் போனா எடுக்கச் சொல்லுவாங்க, நான் நடுவுல மாட்டுனவன். செயற்கைக் கால்ல டிவிஎஸ் ஓட்டறேன். உங்க மச்சானுக்குச் சேந்துருச்சில்ல, சும்மா பயப்படுத்தாதீங்க அவர.

பல்லடத்துத் தறி:
ரொம்ப நன்றிங்ணா. சிமெண்டுத் தரைல நாள் பூரா நின்னு தறில நூல் தார் மாத்தறது இப்பத்திக்கு ஆவாதுன்னு புரிஞ்சுதுங்க, 4 தறிய மட்டும் குடுத்துப்போட்டு மீதிக்கு ஆள் போட்டுக்கறோம். பீடி சமாச்சாரத்த அக்காகிட்டச் சொல்லிட்டேன், நேத்திருந்து மச்சான் என்கூடப் பேசறதில்லீங்.