மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி (மகள், மதுரை):
அம்மாவுக்கு 64 வயது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 12 நாள்கள் ஆகின்றன. டிஸ்சார்ஜ் சம்மரி முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால் நான்தான் படித்துச் சொல்கிறேன். ஆனாலும் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே படுக்கிறார். தையல் சீழ் பிடிக்கும் என்று முட்டையையும் பருப்பையும் ஒதுக்கிவிட்டார். வலி மாத்திரையைத் தொடுவதே இல்லை. முதலில் பிடிவாதம் என்று கோபப்பட்டேன். காரணத்தை அவருக்கு யாருமே சொல்லவில்லையே என்று இப்போது வருந்துகிறேன். என்ன செய்யலாம்?

பதில் 1 (இயன்முறை மருத்துவர்):
தலையணை வைத்தால் வலி குறைவது உண்மைதான். அதனால்தான் வெறுமனே "வைக்காதீர்கள்" என்றால் யாரும் கேட்பதில்லை. மடங்கிய நிலையிலேயே முழங்கால் பல நாள் இருந்தால் பின்புறத் திசுக்கள் இறுகி, காலை முழுவதுமாக நீட்ட முடியாமல் போகும் என்பதைச் சொல்லுங்கள். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்கலாம். வலி மாத்திரையைத் தவிர்த்தால் பயிற்சியும் நின்றுவிடும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள்.

பதில் 2 (செவிலியர்):
"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், வாசிப்புத் திறன் குறைந்த நோயாளிகளுள் 71 சதவீதத்தினர் "இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு முறை" என்ற குறிப்பைச் சரியாக வாசித்தனர். ஒரு நாளுக்கான மாத்திரைகளை எண்ணிக் காட்டச் சொன்னபோது ஏறத்தாழ 35 சதவீதத்தினரே சரியாகக் காட்டினர். ஆகவே அம்மாவையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமோ வலியோ தோன்றினால் அது ரத்த உறைவாக இருக்கலாம், மூச்சுத் திணறினால் அந்த உறைவு நுரையீரலை எட்டியிருக்கலாம், எனவே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை அவர் வாயாலேயே கேட்டுவிடுங்கள்.

பதில் 3:
பத்தியத்தைப் பற்றி ஒன்று: காயம் ஆறப் புரதம் தேவை. என் அப்பாவும் பருப்பை விட்டிருந்தார். மருத்துவரே நேரில் சொன்ன பிறகுதான் தட்டில் எடுத்துக்கொண்டார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேற்று அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொன்னேன். தலையணை விஷயத்தைச் சரியாகச் சொன்னார். மாத்திரையைப் பற்றிக் கேட்டபோதோ, "வலி தெரியாமல் போனால் காலில் கோளாறு வந்தாலும் தெரியாதே" என்றார். சிறுநீரகத்துக்குப் பயப்படுகிறார் என்றே நான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். திங்கட்கிழமை மருத்துவரிடம் இதே கேள்வியை அம்மாவையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.