நீர் தெளிந்துவிட்டால் ஓடை மீண்டுவிட்டது என்று கொள்ளலாமா?

கேள்வி: ஓடைக்கரை

சுரங்கப் பகுதிகளிலிருந்து வரும் வண்டல் ஓடைகளைப் பாதிக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் ஒரு மறுப்பு எழுகிறது. மழைக்காலத்தில் எல்லா ஓடைகளும் கலங்கத்தான் செய்கின்றன, சில நாட்களில் தெளிந்தும் விடுகின்றன; சுரங்க மண் மட்டும் எப்படி வேறுபடுகிறது என்கிறார்கள். கலங்கல் நீங்கிய பிறகும் உண்மையான பாதிப்பு மிஞ்சுகிறதா? மிஞ்சுமென்றால் அதை எங்கே பார்ப்பது?

பதில் 1: கூழாங்கல்

மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. வெள்ளக் கலங்கலுக்கு ஓடை உயிரினங்கள் பழகியவைதாம். ஆனால் இயல்பான வெள்ளம் மண்ணைக் கொண்டுவருகிற அதே வேகத்தில் அடித்துக்கொண்டும் போகிறது. தாதுவைக் கழுவும் தொட்டிகளிலிருந்தும் சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்தும் கசிகிற நுண்மண்ணோ, நீரோட்டம் தணிந்து, அதைச் சுமக்கும் வலு ஓடைக்கு இல்லாத மாதங்களிலும் வந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் தெளிந்தது என்று பார்ப்பது, மண் நீரை விட்டுப் படுகைக்குள் இறங்கிவிட்டதைத்தான்.

ஓடையின் உயிர் பெரும்பாலும் அந்தப் படுகையில்தான் இருக்கிறது. சரளைக் கற்களின் இடுக்குகளில் நீர் ஊடுருவி ஓடுவதால் அங்கே ஆக்சிஜன் கிடைக்கிறது. நீரில் வளர்ந்து பின்பு பறக்கும் பூச்சிகளான மே ஈ, கல் ஈ, கேடிஸ் ஈ ஆகியவற்றின் இளம் பருவங்கள் அங்கேதான் வாழ்கின்றன. சால்மன், டிரவுட் போன்ற மீன்கள் சரளையைக் குடைந்து முட்டைகளைப் புதைக்கின்றன. 2 மில்லிமீட்டருக்கும் குறைவான துகள்கள் இடுக்குகளை அடைத்துவிட்டால் முட்டைக்கு ஆக்சிஜன் எட்டுவதில்லை. பொரித்த குஞ்சும் மேலே வர வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மீன் குறைந்துவிட்டது என்று ஆட்கள் பேசத் தொடங்குவதற்குள் பல இனப்பெருக்கப் பருவங்கள் வீணாகியிருக்கும்.

கலங்கி ஓடும் நாட்களின் பாதிப்பு தனி. ஒளி குறைவதால் கற்களின் மேல் வளரும் பாசி மெலிகிறது. அதை மேய்பவை பட்டினி கிடக்கின்றன. கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன்கள் தடுமாறுகின்றன. நீரை வடிகட்டி உண்ணும் மட்டிகளும் வலை பின்னும் கேடிஸ் ஈ இளம்புழுக்களும் உணவோடு மண்ணையும் வாங்கித் திணறுகின்றன. இதில் செறிவைப் போலவே கால அளவும் முக்கியம்: ஒரு நாள் கடுங்கலங்கலைத் தாங்கும் மீன், பல வாரங்கள் நீடிக்கும் மிதமான கலங்கலில் நலிந்துபோகலாம்.

பதில் 2: செம்படுகை

மேலே சொன்னது எந்த நுண்மண்ணுக்கும் பொருந்தும். சுரங்க மண்ணுக்கென்று வேறொரு குணமும் உண்டு. பூமிக்கடியில் காற்றுப்படாமல் கிடந்த சல்பைடு (கந்தகம் கலந்த) கனிமங்கள் பொடியாகி வெளியே வரும்போது காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் தாமிரம், துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்களைக் கரைத்து ஓடைக்குள் விடுகிறது. கரைந்த இரும்போ கற்களின் மேல் ஆரஞ்சு நிறப் படலமாகப் படிகிறது. உலோகங்கள் நுண்துகள்களில் ஒட்டிக்கொள்வதால் நீரை எடுத்துச் செய்யும் சோதனை நல்ல முடிவு காட்டும்போதே படுகை மண் நஞ்சாக இருக்கக்கூடும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நிலக்கரிப் பகுதி இதற்குச் சற்றே வேறுபட்ட சான்று. மலையுச்சியைத் தகர்த்துப் பள்ளத்தாக்கை நிரப்பிய இடங்களுக்குக் கீழே ஓடும் நீர் பல சமயம் கண்ணாடிபோல் தெளிவாகவே இருக்கும். ஆனால் கரைந்த உப்புகள் கூடியிருப்பதால் மே ஈக்கள் காணாமல் போகின்றன. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-இல் அப்பகுதி ஓடைகளுக்கு மின்கடத்துதிறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) அளவுகோலாகச் சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸ் என்று வகுத்தது இதனால்தான்.

பதில் 3: பழையகணக்கு

கால அளவு குறித்து ஒரு சொல். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் 1850-களிலிருந்து நீர்ப்பீய்ச்சலால் மலைச்சரிவைக் கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். 1884-இல் நீதிமன்றம் அந்தக் கழிவை ஆறுகளில் விடத் தடை விதித்தது. கில்பர்ட் என்ற நிலவியலாளர் 1917-இல் வெளியிட்ட அறிக்கையில், அந்த மண் ஓர் அலையைப் போல ஆற்றின் வழியே நகர்ந்து செல்வதை விளக்கினார். அலையின் முகடு கடந்துபோனாலும் வால் இன்னும் முடியவில்லை: கரையோரத் திட்டுகளில் தங்கிய மண்ணைப் பெருவெள்ளங்கள் இன்றும் அரித்துக் கொண்டுவருகின்றன, அன்று தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசத்தையும் சேர்த்தே. எனவே "சில நாட்களில் தெளிந்துவிடும்" என்ற வாதம் எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

ஓடைக்கரை

மூவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. கழிவுநீரைத் தேக்கி மண்ணை அடியில் படியவைக்கும் வண்டல் படிவுக் குளங்கள் சுரங்கங்களில் இருந்தும் ஏன் மண் வெளியேறுகிறது? படிந்த மண்ணைத் தோண்டி அகற்றிவிட்டால் போதாதா?

பதில் 4: கூழாங்கல்

குளத்தின் சிக்கல் துகளின் அளவில் இருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் அசைவற்ற நீரில் ஒரு மீட்டர் ஆழத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். 2 மைக்ரான் (0.002 மில்லிமீட்டர்) களிமண் துகளுக்கு அதே தூரம் சில நாட்கள் பிடிக்கும். கனமழையில் குளத்து நீர் அத்தனை நாட்கள் நிற்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் வெயில் நாளில், மாதிரி எடுப்பவர்களுக்கு இது தெரியவே வராது.

தோண்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மிஞ்சியிருக்கும் வாழிடத்தையும் குலைத்து, அடங்கிக் கிடக்கும் உலோகங்களைக் கிளப்பிவிடும். முதலில் மண் வரும் வழியை அடைக்க வேண்டும்.

பாதிப்பைப் பார்க்க, சுரங்கத்துக்கு மேலேயும் கீழேயும் ஒத்த ஓட்டமுள்ள இரண்டு இடங்களைத் தேர்ந்து, கற்களைப் புரட்டுங்கள். மேலே கல் எளிதில் பெயர்ந்து, அடியில் தட்டையான மே ஈ இளம்பருவங்கள் சிதறி ஓடும். கீழே கல் பாதிவரை சேற்றில் புதைந்திருக்கும். பெயர்த்தால், ஆக்சிஜன் குறைந்த சேற்றையும் தாங்கும் செந்நிற இரத்தப்புழுக்களும் டியூபிஃபெக்ஸ் புழுக்களுமே மிஞ்சியிருக்கும். மண் வரத்து நின்றதும் பறக்கும் பூச்சியினங்கள் அருகிலுள்ள தூய கிளை ஓடைகளிலிருந்து திரும்ப வந்துவிடுகின்றன. நன்னீர் மட்டிகள் அப்படியல்ல. அவற்றின் இளம்புழுக்கள் மீன்களின் செவுள்களில் ஒட்டியே பரவுவதால், மீன் திரும்பாமல் மட்டி திரும்பாது. ஆகவே இவை திரும்பிவரும் வழியான கிளை ஓடைகளையும் உங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்.