மறு: ‘ஸ்னாப்ஷாட்’ – நொடிநிலை என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு நாஸ் கருவிக்கான (வீட்டுக் கணினிகள் பிணையம் வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) தமிழ்க் கையேட்டில் ‘ஸ்னாப்ஷாட்’டுக்கு, அதாவது கோப்புகள் ஒரு நேரத்தில் இருந்த நிலையைக் காத்துவைக்கும் வசதிக்கு, இதுவரை வந்த பரிந்துரைகள் நிழற்படம், கணப்படம், உடனடிப் பிரதி. மூன்றும் வேண்டாம் என்பது என் கருத்து. இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு நாஸிலிருந்து ஒரு கோப்புறை போய்விட்டது. அப்பாவின் பழைய கடிதங்களை ஸ்கேன் செய்து, தேதிவாரியாகப் பெயரிட்டு வைத்திருந்தேன். மடிக்கணினியிலிருந்து வேறு எதையோ நீக்கும்போது அதுவும் சேர்ந்து நீங்கிவிட்டது. மடிக்கணினியின் மறுசுழற்சித் தொட்டியைத் திறந்தால் காலி. பிணையப் பகிர்வில், அதாவது நாஸில் பகிர்ந்து வைத்த கோப்புறையில், நீக்கியது அந்தத் தொட்டிக்கு வருவதில்லை. நாஸுக்குள்ளேயே ஒரு தொட்டி வைத்துக்கொள்ளலாம்; பகிர்வை நடத்தும் சாம்பா என்ற மென்பொருளில் அதற்கென்றே ஒரு கூறு உண்டு, நீக்கிய கோப்பை அதே பகிர்வில் வேறொரு கோப்புறைக்கு நகர்த்திவிடும். ஆனால் அதை நாம்தான் இயக்கி வைக்க வேண்டும், நான் வைக்கவில்லை. இரண்டு வட்டுகள் ரெய்டு 1-இல், அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி, இருந்தன, அதனாலும் பயனில்லை. ஒரு வட்டில் நீக்கியது அந்த நொடியே மற்றதிலும் நீங்கிவிடும்.

ஸ்னாப்ஷாட் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்தத் தேர்வை அண்ணி அணைத்திருந்தார். “போட்டோவைத்தான் ஏற்கெனவே தனியா சேர்த்து வைக்கிறோமே, இது எதுக்குன்னு எடுத்துட்டேன்” என்றார். அவர்மேல் குற்றமே இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் படம்தான் நினைவுக்கு வரும். அதைத் தமிழிலும் ‘படம்’ என்றே வைத்தால், அதே தவற்றை நாமே எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

சரி, ஸ்னாப்ஷாட் உண்மையில் செய்வது என்ன? படமும் எடுப்பதில்லை, பிரதியும் எடுப்பதில்லை. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைப்பவை) ஒரு கோப்பை மாற்றும்போது பழைய தொகுதியின், அதாவது தரவு இருக்கும் வட்டுத் துண்டின், மேலேயே எழுதுவதில்லை. புதியதை வேறிடத்தில் எழுதுகின்றன. ஸ்னாப்ஷாட் என்பது “இந்த நேரத்தில் எந்தெந்தத் தொகுதிகள் இருந்தனவோ, அவற்றை விடுவிக்காதே” என்று போடும் ஒரு முடிச்சு. அதனால்தான் போட்ட கணத்தில் அது ஏறக்குறைய இடமே எடுப்பதில்லை. பிறகு நாம் நீக்க நீக்க, மாற்ற மாற்ற, பழைய தொகுதிகள் விடுபடாமல் நிற்பதால் இடம் கூடுகிறது. ‘பிரதி’ என்று சொன்னால் இது புரியாது. அதைவிட மோசம், பிரதி இருக்கிறதே என்று காப்புப்பிரதி எடுப்பதை விட்டுவிடுவார்கள். ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே வட்டில்தான், வட்டு போனால் அதுவும் போய்விடும்.

இங்கே இருப்பது ஒரு நிலை. குறிப்பிட்ட ஒரு நொடியில் இருந்த நிலை. அதனால் என் பரிந்துரை ‘நொடிநிலை’.

நொடி என்பது விரலை நொடிப்பது. தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண்ணிமைப்போடு கைநொடியையும் சொல்கிறது. ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்தில் சட்டென்று சுடும் துப்பாக்கிச் சூட்டைத்தான் குறித்தது. புகைப்படப் பொருள் பிறகு வந்து சேர்ந்தது. ஆக, படத்தை விடுவதால் மூலப்பொருள் எதையும் நாம் இழக்கவில்லை.

இழையில் வந்த மறுப்புகளுக்கு:

> நொடி என்றால் செகண்ட். நொடிக்கு ஒருமுறை எடுப்பது என்று நினைக்க மாட்டார்களா?

கால இடைவெளியைத் தனியாகச் சொல்லிவிட்டால் குழப்பம் வராது. ‘மணிக்கொரு நொடிநிலை’, ‘நாளுக்கொரு நொடிநிலை’ என்று சொல்லிப் பாருங்கள்.

> நொடிந்துபோன நிலை என்று படுகிறது.

இதை நானும் இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பொருளில் நாம் ‘நொடிந்த’ என்றுதான் எழுதுகிறோம், ‘நொடி’ என்று வெறுமனே முன்னால் வைப்பதில்லை. நொடிப்பொழுது என்பதை யாரும் கெட்ட பொழுதாகப் படிப்பதில்லையே.

> கணநிலை இன்னும் அழகாக இல்லையா?

அழகுதான். ஆனால் கணிதப் பாடத்தில் கணம் என்பது வேறொன்று. கணினி, கணக்கு என்ற சொற்களுக்குப் பக்கத்தில் நின்றால் இன்னும் குழம்பும்.

அப்புறம் இன்னொன்று. பெயர்ச்சொல்லோடு நிறுத்தாமல் வினையையும் பார்க்க வேண்டும். கையேட்டில் எல்லா இடத்திலும் ‘மீட்டமை’ என்று போட்டிருக்கிறோம். கைப்பேசியில் அதே சொல் எல்லாவற்றையும் துடைத்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவதற்கும் வருகிறது. கோப்பைத் தொலைத்துப் பதறுகிற ஒருவர் அந்தப் பொத்தானைப் பார்த்தால் கை நடுங்கும். தொட்டியிலிருந்தும் காப்புப்பிரதியிலிருந்தும் கோப்பை ‘மீட்டெடு’ என்போம். பகிர்வு முழுவதையும் பின்னால் கொண்டுபோனால் ‘நொடிநிலைக்குத் திரும்பு’. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் திரும்பினால் அதற்குப் பின் எழுதியவை போய்விடும். ஒரு கோப்பு மட்டும் வேண்டுமென்றால் நொடிநிலைக்குள் போய் அதை மட்டும் மீட்டெடுப்பதே நல்லது.

மூன்றாவது வழி, நான் பட்ட பாடு. உடனே கருவியை அணைத்தேன். புதிதாக எதை எழுதினாலும் பழைய தொகுதிகள் மேல் விழக்கூடும். ஒரு வட்டைக் கழற்றி, டிடி-ரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரலைக் கொண்டு வேறொரு வட்டில் முழு நகல் எடுத்து, அந்த நகலில் ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்பு நிரலை ஓடவிட்டேன். அது கோப்பு முறைமையைப் பார்ப்பதில்லை. வட்டை அடிவரை துழாவி, ஜேபெக் என்றால் இப்படித் தொடங்கும் என்று கோப்பின் தலைப்பகுதியை வைத்தே அடையாளம் காண்கிறது. பெரும்பாலான கடிதங்கள் கிடைத்தன. ஒன்றுக்கும் பெயரில்லை, தேதியில்லை, பல பாதியில் அறுந்திருந்தன. எது எந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கம் என்று கையெழுத்தின் மை நிறத்தைப் பார்த்துச் சேர்த்தேன். இதற்கு ஆங்கிலத்தில் செதுக்குதல் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது அகழாய்வாகவே இருந்தது. ‘அகழ்ந்தெடுப்பு’ என்று வைத்தால், கிடைப்பது முழுசாக இருக்காது என்பதைச் சொல்லே சொல்லிவிடும்.

‘மறுசுழற்சித் தொட்டி’யை மாற்றச் சொல்ல மாட்டேன், அது பழகிவிட்டது. ஆனால் அதன் விளக்கத்தில் ஒரு வரி சேர்ப்போம்: நீக்கிய கோப்பைத்தான் தொட்டி பிடிக்கும், பழைய கோப்பின்மேல் புதியதைச் சேமித்துவிட்டால் பொதுவாக அது தொட்டிக்கு வராது, நொடிநிலைதான் காப்பாற்றும்.

ஒப்புதல் இருந்தால் இந்த வாரமே சரங்களை (திரையில் வரும் சொற்றொடர்களை) மாற்றத் தொடங்குகிறேன். அமைப்புப் பக்கத்துக்கு நான் எழுதியிருப்பது: “நொடிநிலை: இந்தப் பகிர்வு இப்போது இருக்கும் நிலையை நினைவில் வைக்கும். தவறுதலாக நீக்கியதையும் மாற்றியதையும் பிறகு மீட்டெடுக்கலாம்.” இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். “இதை ஏன் அணைக்கப் போறேன்?” என்று கேட்டார்.