காலி நாற்காலிக்கு யார் சம்பளம் வாங்குகிறார்?

தறிக்காரன்:
அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். வி.ஏ.ஓ. தாண்டியது. அப்புறம் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) லாகினில் 40 நாளாகக் கிடக்கிறது. மூன்று முறை நேரில் போனேன். மூன்று முறையும் "ஐயா கேம்ப்".

அதே வாரம் அரசு ஊழியர்கள் பழைய ஓய்வூதியம் (சம்பளத்தில் பிடித்தம் இல்லாமல் மாதாமாதம் வருவது) கேட்டுப் போராட்டம் என்று பேப்பரில் செய்தி. வயிறு எரிந்தது. என் தறிக்கூடத்தில் ஆறு பேர். தனியார் தொழிலாளிக்கான இ.பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014-லிருந்து 2025 வரை 1,000 ரூபாய்தான். அதை உயர்த்தச் சொல்லி யாரும் மறியல் செய்து நான் பார்க்கவில்லை. அரசு ஐந்து வருடத்துக்கு ஒரு ஆளைக்கூட எடுக்க வேண்டாம். இருப்பவர்களில் கால்வாசியைக் குறைக்கட்டும். ஓய்வூதியமே கூடாது. என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

பழைய உதவியாளர்:
திட்டவில்லை. அப்பாவின் இழப்புக்கு வருந்துகிறேன்.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஐந்து வருடம் ஆள் எடுக்காதே என்கிறீர்கள். அது ஏற்கெனவே நடந்த கதை. 2001 நவம்பரில் நியமனத் தடை வந்தது, 2006-ல்தான் விலகியது. அந்த ஓட்டை இன்றும் அடைபடவில்லை. நான் கடைசியாக இருந்த பிரிவில் எட்டு மேசை, மூன்று ஆள். மீதி ஐந்து மேசையிலும் கட்டுக்கட்டாகக் கோப்பு. ஒரு மேசையில் மட்டும் டீ கிளாஸ் வைக்க இடம் விட்டிருந்தோம். ஒருவர் மாற்றலாகிப் போனால் அவருடைய இருக்கை "கூடுதல் பொறுப்பு" என்று பக்கத்து ஆள் தலையில் விழும். உங்கள் ஆர்.ஐ. கேம்ப்பில் இருக்கிறார் என்றால் அது பொய்யாகவும் இருக்கலாம், இன்னொரு பிர்காவையும் (ஆர்.ஐ. ஒருவரின் எல்லை) அவரே பார்க்கிறார் என்பதாகவும் இருக்கலாம். ஆள் குறைப்பை நீங்கள் புதிதாகக் கேட்கிறீர்கள் தம்பி. நாங்கள் அதற்குள்ளேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றோம்.

கணக்குப்பிள்ளை:
உதவியாளர் ஐயா உருக்கமாக எழுதுகிறார், ஆனால் எண்ணைத் தொடவில்லை. நான் தொடுகிறேன். 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாட்டின் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி. சம்பளத்துக்கு 90 ஆயிரம் கோடி, ஓய்வூதியத்துக்கு 41 ஆயிரம் கோடி. ரூபாய்க்கு 40 காசு இந்த இரண்டுக்கே. இதற்கு மேல் வட்டி வேறு. மிச்சத்தில்தான் பேருந்தும் ரேஷனும் மகளிர் உரிமைத் தொகையும்.

எட்டு மேசை என்கிறீர்கள். அந்த எட்டு என்ற எண்ணிக்கை எப்போது போட்டது? தட்டச்சு இயந்திரமும் கார்பன் பேப்பரும் இருந்த காலத்தில். பட்டா மாறுதல், வருமானச் சான்று எல்லாம் ஆன்லைன் ஆன பிறகும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் மட்டும் ஏன் பழைய கணக்கிலேயே இருக்க வேண்டும்? எந்தப் பணியிடம் தேவை, எது தேவையில்லை என்று பார்க்க 2018-ல் அரசாணை 56 மூலம் ஆதிசேஷையா குழு போட்டார்கள். சங்கங்கள் எதிர்த்தன. 2022-ல் அரசாணை 115, இன்னொரு குழு. எதிர்ப்பு வந்ததும் அதன் ஆய்வு வரம்புகளை ரத்து செய்தார்கள். இரண்டு கட்சியும் தலா ஒரு முறை தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டன. கணக்கெடுக்கவே விடமாட்டோம் என்றால் ஆள் போதவில்லை என்ற பேச்சை மட்டும் எப்படி நம்புவது?

பழைய உதவியாளர்:
அரசாணை 115 ஏன் எதிர்க்கப்பட்டது என்பதையும் சொல்லியிருக்கலாம். கடைநிலைப் பணிகளை வெளிமுகமைக்கு (தனியார் ஒப்பந்தத்துக்கு) கொடுப்பது பற்றி ஆராய்வதும் அதன் வேலையில் இருந்தது. கணக்கெடுப்பு என்ற பெயரில் கத்தரிக்கோல் வந்தால் யார் உள்ளே விடுவார்கள்?

2003-ஐ மறந்துவிடாதீர்கள். ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம். அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டத்தைக் காட்டிச் சில நாளில் ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா அரசு வீட்டுக்கு அனுப்பியது. ஆகஸ்ட் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய உங்களுக்குச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் திரும்பினார்கள். அடுத்த வருடம் மக்களவைத் தேர்தலில் ஆளும் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, அதன் பிறகு நடவடிக்கைகளை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். "கையைச் சுட்டுக்கொண்டார்கள்" என்று நீங்கள் எழுதியதற்கு முதல் உதாரணம் அது.

ஐந்தாவது அட்டெம்ப்ட்:
பெரியவர்கள் இருவரும் மாறி மாறி வரலாறு சொல்கிறீர்கள். நான் நிகழ்காலம் சொல்கிறேன். 2022-ல் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பம். 2025 ஜூலையில் எழுதினோமே, அதற்கு அறிவித்த இடம் 3,935, விண்ணப்பித்தவர்கள் கிட்டத்தட்ட 14 லட்சம். தறிக்கார அண்ணே, நீங்கள் மூடச் சொல்கிற கதவு ஏற்கெனவே இந்த அளவுதான் திறந்திருக்கிறது.

உதவியாளர் ஐயாவிடமும் ஒரு கேள்வி. ஓய்வு வயதை 2020-ல் 58-லிருந்து 59 ஆக்கினார்கள், 2021-ல் 60. ஓய்வூதியப் பலன்களைக் கொடுக்கப் பணம் இல்லாமல் தள்ளிப்போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு வருடம் ஓய்வால் காலியாகும் இடம் ஏறக்குறைய நின்றுபோனது. அப்போது உங்கள் சங்கம் "இளைஞர்களுக்கு வழி விடு" என்று கொடி பிடித்ததா? எனக்கு ஞாபகம் இல்லை. உங்களுக்குப் பழைய ஓய்வூதியம். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவருக்கு 2025 வரை, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியம். எனக்கு லைப்ரரியில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தால் அதுவே பலன்.

பழைய உதவியாளர்:
கொடி பிடிக்கவில்லை. நியாயமான கேள்வி.

ஜூன் ஒன்று:
என் பெயரிலேயே என் சம்பளக் கதை இருக்கிறது. நான் இடைநிலை ஆசிரியர். 2009 மே 31-ம் தேதி சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் ஜூன் 1 அன்று சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. இதற்காக எத்தனை முறை சென்னைக்கு வந்து கைதாகி, மண்டபத்தில் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்றிருப்போம்! அரசு ஊழியர் சம்பளம் அதிகம் என்று எழுதும்போது எந்த ஊழியர் என்று கேளுங்கள் சார்.

இளநிலை உதவியாளர் ஒருவரின் முதல் மாதச் சம்பளச் சீட்டைச் சொல்கிறேன், 2025-ல் அரசின் களஞ்சியம் செயலியில் பார்த்தது. அடிப்படை 19,500. அகவிலைப்படி 55 சதவீதம், 10,725. பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மட்டும் 3,023 பிடித்தம். வீட்டு வாடகைப்படி சேர்ந்து, காப்பீடு போய், கைக்கு வருவது 28 ஆயிரத்துக்குப் பக்கம். அப்படிப் பிடித்த பணம் ஓய்வு பெறும்போது மொத்தமாக வந்தது, 2025 வரை மாதாமாதம் எதுவும் கிடையாது. கணக்குப்பிள்ளை சொன்ன 41 ஆயிரம் கோடியில் எங்கள் தலைமுறைக்கான பங்கு ஏறக்குறைய பூஜ்யம்.

கணக்குப்பிள்ளை:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! 2003-ல் பழைய ஓய்வூதியத்தை நிறுத்திய அந்த முடிவால்தான் 2040-ல் மாநிலம் மூச்சு விடும். அதைத் திரும்பப் பெறச் சொன்னால் இன்றைக்கு எந்தச் செலவும் தெரியாது, கொண்டுவந்த அமைச்சர் மாலை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பில் உங்கள் பிள்ளைகளுக்கு வரும். 2009 முரண்பாட்டைச் சரி செய்யுங்கள், நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊதிய முரண்பாட்டையும் மேல்நோக்கி மட்டுமே சரி செய்ய முடியும் என்பது என்ன வகைக் கணக்கு?

கரண்டி:
என் அம்மா சத்துணவு சமையல் உதவியாளர். சமையலர் ஓய்வு பெற்றுப் போனார், அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. இப்போது அரிசி களைவது, காய் நறுக்குவது, முட்டை அவித்து உரிப்பது, அண்டா கழுவுவது எல்லாம் அம்மா ஒருத்திதான். 80 முட்டை உரித்துவிட்டு வந்தால் விரல் நுனியெல்லாம் வெள்ளையாக ஊறிப்போய் இருக்கும். இதற்கு வரும் குறைந்த சம்பளத்துக்குப் பெயர் "சிறப்புக் காலமுறை ஊதியம்". ஓய்வு பெற்றால் 2025-ல் மாதம் 2,000தான். காலை உணவு சமைப்பது மகளிர் சுய உதவிக்குழு, அவர்கள் நிலை இன்னும் கீழே.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்களே, நடு இரவில் கைது செய்தார்களே, அவர்கள் கேட்டதும் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே என்பதுதான். தறிக்காரர் கால்வாசி குறை என்கிறார். குறைத்தால் முதலில் போகிறவர் உங்கள் ஆர்.ஐ. இல்லை அண்ணா. எங்கள் அம்மா.

தறிக்காரன்:
கரண்டி, உன் அம்மாவை நான் சொல்லவில்லை. என் அம்மாவும் பத்து வருடம் நூல் சுற்றினவள்தான். "அரசு ஊழியர்" என்றால் எனக்குக் கண்ணில் வருவது ஏ.சி. அறையும் ஜீப்பும்தான். அது என் பிழையாகவே இருக்கட்டும்.

கால்வாசி என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஓய்வூதியத்தில் மாற மாட்டேன். ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து காசு வாங்குவது 2025 அக்டோபரில் மறுபடி தொடங்கியதாம். என் ஆட்களுக்கு விடுப்பு என்றாலே கூலி இல்லை. இதையும் ஒரு ஊதிய முரண்பாடு என்று ஜூன் ஒன்று சார் கணக்கில் சேர்ப்பாரா? லஞ்சத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, அதையும் கவனித்தேன்.

ஜூன் ஒன்று:
சேர்க்கிறேன். ஆனால் தீர்வு என் சரண் விடுப்பைப் பிடுங்குவது இல்லை, உங்கள் ஆட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

தறிக்காரன்:
மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், கொடுக்கிறேன்.

பழைய உதவியாளர்:
லஞ்சம் இருக்கிறது. ஆள் குறைந்த இடத்தில் அதிகமாகவே இருக்கிறது, ஏனென்றால் வரிசை நீளமாக இருந்தால்தான் முந்துவதற்கு விலை. என் பிரிவிலேயே பார்த்திருக்கிறேன். மேலே எழுதாதது என் தவறு.

தம்பி தறிக்காரன், உங்கள் விண்ணப்ப எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன். பைசா செலவு இல்லை.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா? இரண்டு நாளாக நான் தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான். 40 நாள் நகராத கோப்பு "தெரிந்த பையன்" சொன்னால் நகரும் என்றால், அங்கே குறைவது ஆளா?

ஐந்தாவது அட்டெம்ப்ட்:
அந்தப் பையனே மூன்று சீட் பார்க்கிறவனாக இருப்பான் சார்.

தறிக்காரன்:
கணக்குப்பிள்ளை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஐயா, எண்ணை அனுப்பிவிட்டேன்.