ஃபால்ஸ் சீலிங் முடிஞ்ச கடைக்கு லைட் சென்சார்: வயரா, வயர்லெஸ்ஸா?

ஓமலூர்ரோட்டுக்காரன்
வணக்கம்ங்க. மாமாவோட ஜவுளிக்கடை, சேலம் ஓமலூர் ரோட்டுல. கீழ ஷோரூம், முதல் மாடில அக்கவுண்ட்ஸும் ட்ரயல் ரூமும், மேல தகரக்கூரை போட்ட குடோன். ராத்திரி ஷட்டர் இறக்கின பிறகும் குடோன் லைட் எரிஞ்சுட்டே கிடக்குது, பாத்ரூம்லயும் அப்படித்தான். சென்சார் போட்டுடலாம்னு மாமா சொல்லிட்டார். ஒரு காண்ட்ராக்டர் எல்லாமே வயர்லெஸ், ஒரு ஆணி கூட அடிக்க வேண்டாம்ங்கறார். இன்னொருத்தர் டாலி லைன், அதாவது லைட்டுக்கெல்லாம் தனியா கன்ட்ரோல் வயர், இழுக்கணும்ங்கறார். ஃபால்ஸ் சீலிங் முடிச்சு ஒரு தீபாவளி கூட ஆகலை, அதை உடைக்கணும்னா மாமா என்னைத்தான் உடைப்பார். யார் சொல்றது சரி?

மண்டித்தெரு
எங்க மண்டி மாடிப்படில சாதா பி.ஐ.ஆர் தான், உடம்புச் சூட்டை வச்சு எரியுமே அந்த சென்சார், வயர்லயே கோர்த்தது. நல்லா ஓடுது. இதுக்குப் போய் ஏங்க இவ்வளவு யோசனை?

சூரமங்கலம் வயர்மேன்
மாடிப்படிக்கும் பாத்ரூமுக்கும் அண்ணன் சொல்றது சரி. மத்தது அவ்வளவு சுலபம் இல்ல.

தம்பி, ரெண்டு காண்ட்ராக்டரும் அவங்கவங்க விக்கற சரக்கைச் சொல்றாங்க. வயரா வயர்லெஸ்ஸாங்கறது கடைசியா கேக்க வேண்டியது. எந்த இடத்துக்கு எந்த சென்சார்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

குடோன்லதான் எல்லாரும் ஏமாறுவாங்க. பி.ஐ.ஆர் ஆளைப் பார்க்கறது இல்ல. உடம்புச் சூட்டுக்கும் பின்னாடி சுவத்துச் சூட்டுக்கும் இருக்கற வித்தியாசம் நகர்றதைத்தான் பார்க்குது. நம்ம தோல் மேல 33, 34 டிகிரி இருக்கும். சித்திரை மத்தியானம் தகரத்துக்கு அடியில சுவரும் துணி பேலும் அதே சூட்டுக்கு வந்துடும். அப்ப லோடுமேன் பேலைத் தூக்கிட்டு குறுக்க நடந்தாலும் அதுக்குத் தெரியாது. மார்கழில நல்லா எரிஞ்ச லைட்டு சித்திரைல எரியலன்னதும் சென்சார் போச்சுன்னு கழட்டி எறிவாங்க. அங்க 5.8 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் சென்சார் போடுங்க, அது ரேடியோ அலை விட்டு அசைவைப் பார்க்கறது, அதுக்கு வெயில் காலம் பனிக்காலம் எல்லாம் ஒண்ணுதான். ஆனா இரும்பு ரேக்குக்குப் பின்னாடி பார்க்காது, ரேக் வரிசைக்கு ஒண்ணு வேணும். ஃபேன் சுத்தினாலும் ஆள்னு நினைச்சுக்கும், தள்ளி மாட்டுங்க. குடோன்ல பைப் சுவத்து மேலயேதான் ஓடும்? அப்ப வயர்லயே போங்க. நாலாபக்கமும் இரும்பு இருக்கற இடத்துல ரேடியோவை நம்ப முடியாது, அந்தச் சூட்டுல பேட்டரியும் சீக்கிரம் படுத்துடும்.

அதே மைக்ரோவேவை ட்ரயல் ரூம்ல வச்சுடாதீங்க. பிளைவுட், ஜிப்சம் போர்டைத் தாண்டிப் பார்க்கும். வெளிய பையன் டீ கொண்டு போனா உள்ள லைட் எரியும். அங்க பி.ஐ.ஆர், ஆனா அசைவு நின்ன பிறகு லைட் அணையற டைம் பத்து நிமிஷம் வைங்க. சுடிதார் போட்டுட்டு கண்ணாடி முன்னாடி அசையாம நிக்கறவங்க மேல திடீர்னு இருட்டு விழுந்தா கடையே கூடிடும். கணக்குப் பிள்ளைக்கும் இதே கதைதான், விரல் மட்டும்தான் ஆடும். சென்சார் அவர் மேஜைக்கு நேர் மேல வரணும்.

சீலிங் மூடின முதல் மாடிக்கு வயர்லெஸ் சரி. சென்சார் பேட்டரில ஓடும். லைட்டை அணைக்கற ரிலேவுக்கு மட்டும் பேஸும் நியூட்ரலும் வேணும். ஒரு பேனல் லைட்டைக் கழட்டினா அந்த ஓட்டை வழியாவே ரிலேவை உள்ள வச்சுடலாம். சீலிங்ல கீறல் விழாது. ஜிக்பீங்கற வயர்லெஸ் வகையை வாங்கினா கடை வைஃபையும் அதுவும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மோதும். வைஃபை 1, 6, 11ஆம் சேனல்ல ஓடினா ஜிக்பீயை அதோட 25, 26ஆம் சேனல்ல வைக்கச் சொல்லுங்க. அமெரிக்கால இருந்து மச்சான் அனுப்பறார்னு 902 மெகாஹெர்ட்ஸ் சென்சாரை மட்டும் வாங்கிடாதீங்க, இங்க அது செல்போனோட அலைவரிசை. அந்த வகைக்கு நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம விட்டிருக்கறது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை.

டாலி நல்ல சாமான். ஒரு லைனுக்கு 64 லைட், 300 மீட்டர் வரை ரெண்டே வயர், பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டாம், கரண்ட் வயர் போற பைப்புலயே போகலாம். சென்சாருக்கும் அந்த லைன்லயே பவர் வந்துடும். ஆனா உங்க பேனல் லைட் ஒவ்வொண்ணுக்கும் டிரைவர், அதாவது எல்.ஈ.டிக்குக் கரண்ட் கொடுக்கற டப்பா, மாத்தணும். சீலிங் போடறதுக்கு முன்னாடி பேசியிருக்க வேண்டிய விஷயம் அது.

கீழ ஷோரூம்ல ஆள் சென்சாரே வேண்டாம். கூட்டம் இல்லாத நேரம் லைட் அணைஞ்சா ரோட்டுல போறவங்க கடை சாத்திட்டாங்கன்னு நினைப்பாங்க. பூட்டும்போது ஒரு பட்டனை அமுக்கினா மொத்த லைட்டையும் அணைக்கற கான்டாக்டர், அதாவது பெரிய லோடைத் தாங்கற ரிலே, ஒண்ணு போதும்.

ஓமலூர்ரோட்டுக்காரன்
ரொம்ப நன்றிண்ணே. ஷோரூம் முகப்பு மேற்கு பார்த்த கண்ணாடி. சாயங்காலம் வரை வெளிச்சம் கொட்டுது. அந்த வரிசை லைட்டுக்கு மட்டும் வெளிச்ச சென்சார் வைக்கலாமா?

ஒண்டிக்கடை லாட்ஜ்
ஏற்காட்டுல இருந்து சொல்றேன். வைக்கலாம், ஆனா எரியற அளவும் அணையற அளவும் ஒண்ணா இருக்கக் கூடாது, நடுவுல நல்ல இடைவெளி விடுங்க. இங்க மூடுபனி நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து போகும். இடைவெளி இல்லாத சென்சார் வாசல் லைட்டை கோயில் சீரியல் லைட் மாதிரி ஆட்டி வைக்கும். சென்சார் தான் எரிய வைக்கற லைட்டையே பார்க்கற மாதிரியும் மாட்டக் கூடாது.

வயர்லெஸ் பத்தியும் ஒண்ணு. எங்க பழைய பிளாக் கருங்கல் சுவர். பக்கத்து ரூமுக்கே சிக்னல் போகலை, வராந்தா முழுக்க வயர்தான். தோட்டத்துக்கு நேர்மாறு: நீளமா வயர் இழுத்தா இடி மழைக்கு அது வழியா சர்ஜ், அதாவது திடீர்னு எகிறற வோல்டேஜ், ஏறுது, அதனால அங்க வயர்லெஸ். அதைக் குரங்கு பிடுங்கிட்டுப் போகுது, அது வேற விஷயம்.

ஓமலூர்ரோட்டுக்காரன்
கடைசியா ஒண்ணு. குடோன் சென்சார் டப்பால 10 ஆம்பியர்னு போட்டிருக்கு. 40 எல்.ஈ.டி டியூப், ஒவ்வொண்ணும் 20 வாட். 4 ஆம்பியர் கூட வரலையே, நேரா மாட்டிடலாமா?

சூரமங்கலம் வயர்மேன்
மாட்டாதீங்க. அந்த 10 ஆம்பியர் ஹீட்டர், குண்டு பல்பு மாதிரி லோடுக்கு. எல்.ஈ.டி டிரைவர் உள்ள இருக்கற கெப்பாசிட்டர் ஆன் ஆகற நொடில பல மடங்கு கரண்ட் இழுக்கும், 40 டியூபும் ஒண்ணா இழுத்தா ரிலே முனை ஒட்டிக்கும். அப்புறம் லைட் அணையவே அணையாது. டப்பாவுல எல்.ஈ.டிக்குன்னு தனியா வாட் போட்டிருப்பாங்க, அதைப் பாருங்க. அது 800 வாட்டுக்குக் குறைவா இருந்தா சென்சார் கான்டாக்டர் காயிலை மட்டும் இழுக்கட்டும், லோடைக் கான்டாக்டர் தாங்கட்டும்.