வெளிநாட்டில் ஆகஸ்ட் 15: நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

மியூனிக்_புதுசு:
மியூனிக் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஆபீஸ் காலண்டரில் ஆகஸ்ட் 15 விடுமுறை என்று போட்டிருந்ததைப் பார்த்து, அட, நம்மையும் மதிக்கிறார்களே என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அப்புறம் பக்கத்துச் சீட்காரர் சொல்லித்தான் தெரிந்தது, அது மாதா விண்ணேற்புத் திருநாளாம், பவேரியாவில் கத்தோலிக்கர் அதிகமாக இருக்கும் ஊர்களுக்கு மட்டும் லீவாம், பெர்லினில் வேலை பார்த்தால் அன்றைக்கும் ஆபீஸ்தானாம்.

ஊரில் இருந்தவரை நான் ஒன்றும் பெரிய தேசபக்தன் இல்லை. பள்ளிக்கூடம் முடித்த பிறகு கொடியேற்றத்துக்குப் போனதே கிடையாது. சிறப்புப் பட்டிமன்றம், அப்புறம் "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக" என்று போடும் படம், விளம்பரத்தோடு சேர்த்து நாலு மணி நேரம், அவ்வளவுதான் என் சுதந்திர தினம். இங்கே தனி அறையில் அந்த நாள் நெருங்க நெருங்க என்னவோ மாதிரி இருக்கிறது. சட்டையில் கொடியைக் குண்டூசியால் குத்திக்கொண்டு, வியர்த்த கையில் ஒட்டிப்போன ஆரஞ்சு மிட்டாயோடு வரிசையில் நின்றதே திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. தூதரகத்துக்குச் சும்மா போகலாமா, அழைப்பு வேண்டுமா?

பெர்லின்வாசி:
மியூனிக்கிலேயே துணைத் தூதரகம் இருக்கிறதே, போங்கள். முன்பதிவு கேட்டிருக்கிறார்களா என்று அந்த வாரம் அவர்கள் வலைத்தளத்தைப் பார்த்துவிடுங்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பை வேண்டாம். கொடியேற்றி, ஜன கண மன பாடி, முந்தின நாள் மாலை குடியரசுத் தலைவர் ஆற்றிய உரையை வாசிப்பார்கள். நீளமாக இருக்கும், பிள்ளைகள் நெளியும், பெரியவர்கள் கண்ணெல்லாம் சமோசா மேஜை மேல்தான்.

2024 ஜூனில் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது, நம் நாடு அனுமதிப்பதில்லை. அதனால் நீல பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓசிஐ அட்டைக்காரனாகத்தான் (வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்களுக்குத் தரும் அட்டை) போன தடவை போய் நின்றேன். பாட்டு மொத்தம் 52 நொடிதான். பாதியிலேயே எனக்குக் குரல் அடைத்துவிட்டது.

கரிசல்காரி:
தம்பி, அந்த லீவு ஏதோ வேற்று ஆள் லீவு மாதிரி பேசுகிறீர்களே! நான் கோவில்பட்டிப் பக்கம். காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவும் ஆகஸ்ட் 15-தான். சின்ன வயதில் எங்களுக்கு இரண்டும் ஒரே நாளாகத்தான் தெரியும், பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே கொடிக்கம்பம், சாமியார் கயிற்றை இழுத்ததும் உள்ளே மடித்துவைத்த பூவெல்லாம் எங்கள் தலையில் கொட்டும். ஒரு வருஷம் முடிச்சு அவிழவே இல்லை, உபதேசியார் ஏணி தேடி ஓடினார்.

இப்போது ரீகன்ஸ்பர்க்கில் இருக்கிறேன். இங்கே அன்றைக்குப் பூசையில் மூலிகைக் கட்டு மந்திரிப்பார்கள், அதில் நம் ஊர் மாசிபத்திரி மாதிரியே மணக்கும் செடி ஒன்று இருக்கும். அதைக் கொண்டுவந்து சமையலறையில் தொங்கவிட்டுக் கேசரி கிளறுவேன். 15-ஆம் தேதி கடை எதுவும் திறந்திருக்காது, ரவையை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். மூன்று கலர் இட்லி மட்டும் வேண்டாம். செய்து பார்த்தேன், பச்சையை யாரும் தொடவில்லை.

சியோல்_அப்பா:
இங்கே கொரியாவில் ஆகஸ்ட் 15 நிஜமாகவே விடுதலை நாள். 1945-இல் ஜப்பானிடமிருந்து விடுபட்டார்கள், நமக்கு இரண்டு வருஷம் முன்னால். எங்கள் அடுக்குமாடியில் பால்கனிக்குப் பால்கனி கொடி செருகுவதற்கென்றே ஒரு சின்னக் குழாய் உண்டு. நம் வீட்டுக் குழாய் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று மகள் கேட்டாள். நம் கொடியை அங்கே செருக எனக்கு ஏனோ கூச்சம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொரியக் கொடி ஒன்று இரவல் வாங்கிச் செருகினேன், நம்முடையதை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தோம். காவி மேலே இருக்கிறதா என்று மகள் இரண்டு தடவை சரிபார்த்தாள்.

ராத்திரி_ஷிஃப்ட்:
செங்கோட்டைப் பேச்சை (தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டை இல்லை, டெல்லி) நேரலையில் பார்க்கலாம் என்று நினைத்தால், இங்கே ஏழரை மணி, உங்களுக்கு விடிகாலை நாலு. ஜெர்மனியில் இருந்தபோது ஒரு வருஷம் அலாரம் வைத்து எழுந்தேன். கொடி ஏறுவதற்குள் குறட்டை.

மியூனிக்_புதுசு:
எல்லாருக்கும் நன்றி. துணைத் தூதரகத்துக்குப் போவதாக முடிவு. அக்கா, ரவை வாங்கியாயிற்று. ஆரஞ்சு மிட்டாய்தான் நான் போன இரண்டு இந்தியக் கடையிலும் இல்லை. குண்டூசிக்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று தெரியாமல் கடையில் சட்டையைக் காட்டி நடித்தேன், அந்த அம்மா டை கிளிப் எடுத்து நீட்டுகிறார்.

கரிசல்காரி:
புதுச் சட்டை ஒன்று வாங்குங்கள் தம்பி, காலரிலேயே நாலு குண்டூசி இருக்கும்.